பலகையில் இருக்கும் சென்னை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் திருச்சியிலிருந்து காரில் சென்னைக்கு வந்தோம். வண்டலூர் நெருங்கும்போது சென்னை இன்னும் முப்பது சொச்சம் கிலோமீட்டர் என்றது பலகை. இரு பக்கமும் கடைகள், அடுக்குமாடிகள், நெரிசல். "இதுவே சென்னைதானே, இன்னும் முப்பது எதற்கு?" என்று மகன் கேட்டான். உடன் வந்த என் மைத்துனர், இந்தியாவில் எல்லாத் தூரத்தையும் நாக்பூரில் இருக்கும் பூஜ்ய மைல் கல்லிலிருந்துதான் அளக்கிறார்கள் என்றார். கைபேசி வரைபடமோ பலகையோடு ஒத்துப்போகாத ஓர் எண்ணைக் காட்டியது. பலகையில் எழுதுகிற தூரம் உண்மையில் எதுவரை?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மைத்துனரைக் கவனித்துவிடுவோம். நாக்பூரில் கல் இருப்பது உண்மைதான். 1907-இல் வைத்த கல். பக்கத்தில் ஒரு தூண், பாயும் நிலையில் நான்கு குதிரைகள். தூணின் அடியில் ஹைதராபாத், ஜபல்பூர் போன்ற ஊர்களின் தூரத்தையும் மைலில் பொறித்திருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் நாட்டின் நடுப்புள்ளி இதுதான் என்று நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் கல்லோடு சேர்ந்த முக்கியமான எண் 1020.171 அடி. அது கடல்மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம். நில அளவைத் துறையினர் மற்ற இடங்களின் உயரத்தைச் சரிபார்க்க வைத்துக்கொண்ட குறி அது. சாலை போடுகிறவருக்கு அதனால் பயனில்லை. நாக்பூரிலிருந்து திருச்சி எவ்வளவு, சென்னை எவ்வளவு என்று தெரிந்தாலும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துத் திருச்சி–சென்னை தூரத்தை வரவழைக்க முடியாது. மூன்று ஊரும் ஒரே சாலையில் வரிசையாக நின்றால்தான் அந்தக் கழித்தல் செல்லும்.

மைத்துனருக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் வேலை தொடங்கியது நீங்கள் கடந்துவந்த பாதைக்குப் பக்கத்தில். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே, முக்கோணங்களுக்கெல்லாம் அடிப்படையான ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலி பிடித்து அளந்தார். அது நேர்கோட்டுத் தூரம். பலகையில் எழுதுவது சாலை வளைந்து வளைந்து போகும் தூரம். இரண்டும் வேறு வேலை.

சாலைத் தூரத்துக்கு ஊருக்கு ஒரு புள்ளி வேண்டும். அந்தப் புள்ளி ஊரின் எல்லையாக இருப்பது அபூர்வம். எல்லை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை மாநகராட்சி பக்கத்துக் கிராமங்களைச் சேர்த்துக்கொள்ளும்போதும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பலகையை மாற்றி எழுத முடியுமா? அதனால் ஊருக்குள் அசையாத ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். எந்த இடம் என்பதில்தான் சுவாரசியம். மெல்போர்னுக்குப் பழைய தலைமைத் தபால் நிலையம். பம்பாயின் பழைய மைல்கற்களுக்குக் கோட்டைப் பகுதியில் உள்ள புனித தோமா தேவாலயம். கொழும்புக்கு ஜனாதிபதி மாளிகையின் முன்னால் நிற்கும் எட்வர்ட் பார்ன்ஸ் சிலை. கண்டிச் சாலையைப் போடவைத்த ஆளுநர் அவர். கோட்டை, கோயில், தபால் நிலையம், ஆளுநர் வீடு என்று அந்தந்தக் காலத்தில் யாருக்குக் கடிதமும் கட்டளையும் போய்ச் சேர வேண்டியிருந்ததோ அவர்கள் வாசலில் சுழியம் விழுந்திருக்கிறது.

லண்டனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. இப்போது அதற்குச் சேரிங் கிராஸ் என்ற இடத்தில் முதலாம் சார்லஸின் குதிரைச் சிலை உள்ள புள்ளி. பெயர் தந்த சிலுவை 1647-இலேயே இடிபட்டுவிட்டது. 1675-இல் அங்கே சிலையை நிறுத்தினார்கள். ஆனால் ஒரு காலத்தில் லண்டனுக்கு ஒரே சுழியம் இல்லை. ஒரு சாலைக்கு லண்டன் பாலம், இன்னொன்றுக்கு ஹைட் பார்க் முனை, வடக்கே போகும் பெருஞ்சாலைக்கு ஹிக்ஸ் ஹால் என்ற நீதிமன்றக் கட்டடம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த நீதிமன்றத்தை இடித்துவிட்டார்கள். வழிநெடுக நட்ட கற்களைப் பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை. "ஹிக்ஸ் ஹால் முன்பு நின்ற இடத்திலிருந்து இத்தனை மைல்" என்று எழுதிவைத்தார்கள். இல்லாத கட்டடத்துக்குத் தூரம் காட்டிய கல்! எனக்கு மிகவும் பிடித்த அரசாங்க வாசகம் இது.

இனி உங்கள் சாலை. பழைய 45-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் சென்னை–திருச்சிப் பகுதி இப்போது 32, 132, 38 என்று மூன்று எண்களாகப் பிரிந்து கிடக்கிறது. அதை நான்கு வழியாக்கியபோது பிரித்த பகுதிகளைப் பாருங்கள்: தாம்பரம்–திண்டிவனம் 28-ஆவது கிலோமீட்டரிலிருந்து 121 வரை, திருச்சிக்கு முந்தைய கடைசிப் பகுதியான பாடாலூர்–திருச்சி 285-லிருந்து 325 வரை. சாலையின் தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே வரும் இந்தக் கணக்கை நெடுஞ்சாலைத் துறையினர் செயினேஜ் என்பார்கள். தாம்பரத்திலேயே 28 வந்துவிட்டது. கத்திப்பாராவிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய இதில் பாதிதான் வரும். கோட்டைப் பக்கத்திலிருந்து எண்ணினால் வரும். ஆக, பலகை சொல்லும் சென்னை பழைய கோட்டையை ஒட்டிய சென்னை. உங்கள் மகன் பார்த்தது இன்றைய சென்னை. குரோம்பேட்டையில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் பலகை எண்ணில் இருபதுக்கு மேல் தாராளமாகக் கழித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒத்துப்போகிறது என்பதற்காகச் செயினேஜ் எண்ணையும் ஊர்த் தூரத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது சாலையின் தொடக்கத்திலிருந்து ஓடும் எண். பழுது பார்க்கவும் விபத்து நடந்த இடத்தைச் சொல்லவும் அதுதான் உதவும். அது பாதி வழியில் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கவும் கூடும். மதுரை–கன்னியாகுமரி நான்குவழிப் பகுதியை 0 முதல் 243 என்றுதான் எண்ணினார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. புறவழிச்சாலை போட்டதால் பாதை நீண்டாலோ குறைந்தாலோ, அதற்கப்பால் உள்ள அத்தனை கற்களையும் மாற்றாமல், மாற்றம் நடந்த இடத்திலேயே கணக்கை நேர்செய்துவிடுவார்கள். அங்கே இரண்டு கற்களுக்கு நடுவில் ஆயிரம் மீட்டர் இருக்கும் என்று நம்பி உங்கள் வண்டியின் மீட்டரைச் சோதிக்க வேண்டாம்.

கைபேசி சொன்னது தவறில்லை. சென்னை என்று மட்டும் கேட்டால் அது தன் வரைபடத்தில் குத்திவைத்த ஒரு புள்ளிக்கு வழி சொல்லும். அந்தப் புள்ளி நெடுஞ்சாலைத் துறையின் புள்ளியாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் புறவழியில் போவது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. பலகை எழுதியவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஒரே பாதை, முழு எண், அவ்வளவுதான்.

அமெரிக்கர்கள் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குத் தெளிவான மையப் பகுதி இருந்தால் அதுவரை அளக்க வேண்டும். இல்லையென்றால், அந்தச் சாலையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் எந்த இடத்தில் ஊரின் நடுவுக்கு வந்துவிட்டதாகக் கருதுவார்களோ அதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்கிறது அவர்களுடைய சாலைக் குறியீட்டு விதிநூல். அந்த முடிவை உங்கள் மகனிடமே விட்டால் சென்னை வண்டலூரிலேயே வந்துவிடும். அப்புறம் கோட்டைப் பக்கத்துப் பாரிமுனைக்குப் போகிறவர் எனக்குக் கடிதம் எழுதுவார்.