ஆற்றங்கரையில் ஓர் இரவு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நண்பர்கள் ஐவர், ஆடிப்பெருக்கு விடுமுறையில் பூலாம்பட்டிப் பக்கம் காவிரிக் கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கி, தூண்டில் போட்டு, பரிசலிலும் போய்வர எண்ணியுள்ளோம். என்னென்ன ஏற்பாடுகள் செய்ய வேண்டும்?
— ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதல் ஏற்பாடாக, குறித்த நாளை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆடிப்பெருக்கன்று கரையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவது வேறு, இரவு முழுவதும் ஆற்றை நம்பிப் படுப்பது வேறு. அந்த மாதத்தில் சேலத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி, உபரிநீர் பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல்லைத் தாண்டி மேட்டூருக்கு வந்து சேரும். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அந்த மட்டத்தைத் தொட்டுவிட்டால், வருகிற நீரை வந்தபடியே வெளியேற்றுவதைத் தவிர வழியில்லை. 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ஜூலை மாதத்திலேயே அணை நிரம்பியது. ஒரு கனஅடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். ஆகவே 'நொடிக்கு 1 லட்சம் கனஅடி' என்று செய்தியில் படிக்கும்போது, நொடிதோறும் 28 லட்சம் லிட்டர் நீர் நீங்கள் கூடாரம் அடிக்க நினைத்த இடத்தைக் கடந்து போகிறது என்று கொள்ளுங்கள். மேலே ஒரு துளி மேகம்கூட இல்லாத இரவில் ஆறு ஏறுவது இதனால்தான்.

டெல்டா பாசனத்திற்கான நீர்த்திறப்பு வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை நடைபெறும். அது நின்றபின், பிப்ரவரியில் ஆற்றின் வேகம் தணிந்திருக்கும். அப்போதும் மேட்டூருக்குக் கீழே மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை முதலான கதவணைகளின் பின்னே நீர் தேங்கி நிற்பதால், தூண்டிலுக்கும் பரிசலுக்கும் குறையிருக்காது. வெயில் முற்றுவதற்கு முந்திய அந்தச் சில வாரங்களையே நான் பரிந்துரைப்பேன். ஆயினும் கதவணையின் மதகு எப்போது வேண்டுமானாலும் திறக்கப்படலாம் என்பதால், மணல் திட்டிலோ நடு ஆற்றுப் பாறையிலோ படுக்க வேண்டாம். பழைய வெள்ளம் சருகும் குப்பையும் ஒதுக்கிவிட்டுப் போன கோட்டுக்கு மேலே, ஊர்க்காரர்களிடமும் நிலத்துக்காரரிடமும் கேட்டு இடம் பிடியுங்கள். நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்து, மணிக்கொரு முறை விளக்கடித்துப் பார்ப்பது என் பல ஆண்டுப் பழக்கம். குச்சி நான்கு விரற்கடை மூழ்கியிருந்தாலும் மூட்டை கட்டிவிடுவேன்.

பரிசலை நீங்களே வாடகைக்கு வாங்கித் துடுப்புப் போட முயல வேண்டாம். அடி தட்டையான அந்த வட்டக் கலம், பழகாதவர் கையில் நின்ற இடத்திலேயே சுழலும். உள்ளூர்ப் பரிசல்காரரையே அமர்த்திக்கொள்ளுங்கள். நீச்சல் தெரிந்தவரும் மிதவை அங்கி அணியட்டும். பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே ஓடும் விசைப்படகை நிறுத்திவிட்டார்கள் என்றால், அன்று பரிசலையும் மறந்துவிடுவது நல்லது.

தூண்டிலைப் பொறுத்தவரை, மண்புழுவுக்குக் கெளுத்தியும், பிசைந்த மாவுக்குக் கெண்டை வகைகளும் ஜிலேபி மீனும் வரும். அணையின் நீர்த்தேக்கத்தில் மீன்துறையின் உரிமம் பெற்ற மீனவர்களின் பிழைப்பு நடக்கிறது. அவர்கள் வலை கட்டிய இடத்தில் தூண்டில் வீசுவது முறையன்று. கட்லா, ரோகு போன்றவை புதுவெள்ளத்தில் முட்டையிடுபவை என்பதால், ஆடியில் பிடிபடுவது பெரும்பாலும் சினை மீனாக இருக்கும்; நாளை மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அப்படியானால் கோடையில் ஒகேனக்கல்லுக்குச் சற்றுக் கீழே தங்கலாமா?
— ஒரு வாசகர், ஓமலூர்

பதில்: வேண்டாம். ஒகேனக்கல்லில் வனத்துறை முதலை மறுவாழ்வு மையம் நடத்துகிறது. ஆற்றிலும் முதலைகள் உண்டு. மேலும் 2022-இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அங்கு அனுமதியின்றி நுழைவதும் மீன்பிடிப்பதும் குற்றமாகும். பகலில் அனுமதிக்கப்பட்ட துறையிலிருந்து பரிசலில் சென்று திரும்புங்கள்.

கேள்வி: பிள்ளைகள் கூடாரம் கேட்டு அடம் பிடிக்கிறார்கள். ஏற்காட்டில் பாதுகாப்பாக ஓர் இரவு தங்க முடியுமா?
— ஒரு தாய், சூரமங்கலம்

பதில்: முடியும், அம்மா. ஆனால் காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றித் தங்க இயலாது. சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் இரவில் தோட்டங்களுக்குள்ளும் வருகின்றன. வேலியும் காவலும் கழிப்பறையும் உள்ள ஒரு காபித் தோட்டத்தில், உரிமையாளரின் இசைவோடு கூடாரம் அடியுங்கள். படகுத்துறை இருப்பதால் பிள்ளைகள் காலையில் ஏரியிலேயே துடுப்புப் பழகலாம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் என்பதால் சேலத்தில் வியர்க்கும் நாளிலும் கம்பளி எடுத்துச் செல்லுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடியுடன் மழை வரும் என்பதால், தனித்து நிற்கும் சவுக்கு மரத்தடியில் கூடாரம் வேண்டாம். இடி கேட்டவுடன் கட்டடத்திற்குள் போய்விடுங்கள்.

கேள்வி: சிக்கி அறுந்த தூண்டிலின் தங்கூசி (நைலான்) நரம்பை என்ன செய்வது?
— ஒரு வாசகர், எடப்பாடி

பதில்: கையில் கிடைத்த அளவையும் சுற்றியெடுத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கரையில் விட்டால் கொக்கின் காலிலும், ஆமையின் கழுத்திலும் அது சுருக்காக விழும். எரித்தால் உருகி மணலில் ஒட்டிக்கொள்ளும். துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.