புது ஜெட் படகுக்கு முன்பணம் கட்டிவிட்ட தம்பிக்கு

தம்பி, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்றும், புத்தம் புதிய ஜெட் படகு ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டதாகவும், இராமேசுவரம் பக்கம் கடற்கரையில் வளர்ந்து சிறு வயது முதல் அவுட்போர்டு மோட்டார் பூட்டிய ஃபைபர் படகு ஓட்டியவர் என்பதால் ஓட்டுவதில் சிரமம் இராது என்றும் எழுதியிருக்கிறீர்கள். காப்பீடு எங்கே எடுப்பது, இன்ஜின் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், என்ன நிறம் நல்லது, வீட்டு வாசலில் நிறுத்தலாமா, பராமரிப்புக்கு நிறையச் செலவாகுமா என்று ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் நான்குக்கும் படகு விற்பவரே நாள் முழுதும் உட்கார்ந்து பதில் சொல்வார். ஐந்தாவதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன 'சிரமம் இராது' என்ற அந்த இரண்டு சொற்கள்தான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கின்றன.

நான் 2012-இல் இங்கு வந்தேன். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் வந்த நிலநடுக்கத்தில் நகரத்தின் நடுப்பகுதி இடிந்துபோய், கட்டுமான வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. சாரம் கட்டும் வேலை எனக்கு. ஒரு வீட்டில் ஆறு பேர், ஒரே ஒரு ஹீட்டர், அதையும் முறை வைத்துத்தான் போடுவோம். என்னோடு வேலை செய்த வயதான ஒருவர், ஊருக்குப் பணம் அனுப்பியது போக மீதி நேரமெல்லாம் படுக்கையில் கிடக்கும் என்னைப் பார்த்து இரங்கியோ என்னவோ, தன் ஜெட் படகில் வைமகாரிரி ஆற்றுக்கு அழைத்துப் போனார். காவிரி வாய்க்காலில் நீந்தி வளர்ந்தவனுக்கு ஆறு தெரியாதா என்ற நினைப்பு எனக்கும் அன்றைக்கு இருந்தது. ஆனால் இங்குள்ள ஆறு இரு கரைக்குள் அடங்கி ஓடுவதில்லை. பின்னலை அவிழ்த்து உதறிப்போட்டது போல, அகன்ற கூழாங்கல் பரப்பின் மேல் பத்துப் பதினைந்து கிளைகளாகப் பிரிந்தும் கூடியும் ஓடுகிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அந்தக் கிளைகள் இடம் மாறிவிடும். போன மாதம் ஆழமாக இருந்த தடம் இந்த மாதம் வெறும் கல்லாகக் கிடக்கும்.

இரண்டாம் முறை போனபோது ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்தார். சிறிது நேரம் நன்றாகவே ஓட்டினேன். ஒரு வளைவைத் தாண்டியதும் முன்னால் தண்ணீர் சட்டென்று வெளுத்து, அடியில் கற்கள் தெரிந்தன. மிதிவண்டி முதல் மோட்டார் வண்டி வரை எதை ஓட்டினாலும் ஆபத்து என்றால் வேகத்தைக் குறைத்தே பழகிய கால், என்னைக் கேட்காமலே மிதியை விட்டு எழுந்துகொண்டது. அந்த நொடியில் ஸ்டியரிங் கையில் இருந்தும் இல்லாததாகிவிட்டது. இடப்பக்கம் முழுக்கத் திருப்பியும் படகு அதே நேர்க்கோட்டில் சறுக்கிக்கொண்டு போய்க் கல்மேட்டில் ஏறி நின்றது. அடியிலிருந்து, மாவரைக்கும் கிரைண்டரில் ஜல்லியைக் கொட்டியது போல ஒரு கடகடப்பு. பெரியவர் என்னைத் திட்டவில்லை, கை நீட்டிச் சாவியை அணைத்தார். அதன் பிறகுதான் பேசவே ஆரம்பித்தார்.

அன்று அவர் விளக்கியதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். ஜெட் படகுக்கு வெளியே சுழலும் விசிறியும் கிடையாது, சுக்கானும் கிடையாது. அடிப்பலகையில் உள்ள வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லர் அதைப் பின்புறக் குழாய் வழியே பீய்ச்சி அடிக்கிறது. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தப் பீச்சின் திசைதான் திரும்புகிறது. பீச்சு நின்றால் திருப்புவதற்கு ஒன்றுமில்லை. அதோடு, வேகத்தில் படகு தண்ணீரின் மேற்பரப்பில் ஏறிச் சறுக்கும்போது ஒரு சாண் ஆழம்கூட அதற்குத் தாராளம்; வேகம் குறைந்தால் உடல் அமிழ்ந்து, ஒரு அடிக்கு மேல் கேட்கும். ஆகவே கால் எழுந்த அந்தக் கணத்தில் நான் திசையையும் இழந்தேன், ஆழத்தையும் இழந்தேன். பயம் வரும் இடத்தில் மிதியை விடாமல் இருக்கக் கற்பதுதான் இந்தப் படகை ஓட்டக் கற்பது. அவுட்போர்டில் சுக்கான்பிடி திருப்பிப் பழகிய உங்கள் கைக்கு அந்தப் பழக்கம் உதவாது என்பது மட்டுமல்ல, தடையாகவும் இருக்கும். கடலில் ஆழம் குறைந்தால் வேகத்தைத் தணித்து விசிறியைத் தூக்கித்தானே பழக்கம்?

தரைதட்டினால் இன்ஜினை உடனே அணைத்துவிடுங்கள். பீச்சைத் தடுத்து எதிர்ப்புறம் திருப்பும் ரிவர்ஸ் பக்கெட்டைப் போட்டுப் பின்னால் எடுக்கலாம் என்று தோன்றும். அது பீச்சைப் படகின் அடிப்பக்கமாகத் திருப்பிவிடுவதால், கிளம்பும் கல்லையெல்லாம் உறிஞ்சு வாயே விழுங்கும். அன்று நாங்கள் இருவரும் முழங்கால் வரை பனிநீரில் நின்று, மண்வெட்டியால் கல்லைத் தள்ளி, கயிறு கட்டி இழுத்து ஆழத்துக்குக் கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிறகு, நீரை உறிஞ்சிப் பீய்ச்சும் பகுதியான ஜெட் யூனிட்டின் மேல்மூடியைத் திறந்து கையை விட்டேன். உறிஞ்சு வாயின் கம்பிச் சட்டத்துக்கும் இம்பெல்லருக்கும் நடுவே வாத்து முட்டை அளவில் ஒரு கல் இறுகிக் கிடந்தது. குளிரில் விரல் மரத்துப்போனதால் கல்லைத் தொடுகிறேனா உலோகத்தைத் தொடுகிறேனா என்றே தெரியவில்லை. அந்த மூடியைத் திறக்கும் முன் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவது என் வழக்கம். உங்களுக்கும் அதுவே வழக்கமாகட்டும்.

தண்ணீரைப் படிப்பதற்குப் பழக்கம் வேண்டும், ஆனால் இரண்டு அடையாளங்களை இப்போதே சொல்லலாம். மழமழவென்ற ஒரு நாக்கு போல, கூர்முனை கீழ்நோக்கி ஓடும் நீர் ஆழமான வழி; கூர்முனை ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி இருந்து இருபுறமும் நுரைத்தால் அங்கே பாறை இருக்கிறது. அதோடு, சமவெளியில் வடமேற்குக் காற்று சூடாக வீசி வெயில் அடிக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். அதே நேரத்தில் மலை முகட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கும், மாலைக்குள் ஆறு பழுப்பேறிப் பொங்கிவிடும். வட்டார மன்றம் ஆறுகளின் நீரோட்ட அளவைத் தினமும் வெளியிடுகிறது, பார்த்துவிட்டுப் போங்கள்.

ஓட்டுவதற்கு உரிமம் தேவையில்லை, பதினைந்து வயதானால் போதும் என்பது இந்த நாட்டின் சட்டம். நம்மவர்கள் பலர் இதைக் கேட்டதும் விதியே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வலப்பக்கமாகச் செல்ல வேண்டும், மேல்நோக்கிப் போகிறவர் கீழ்நோக்கி வருபவருக்கு வழிவிட வேண்டும், ஏறியவர் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்புச் சட்டை படகில் இருக்க வேண்டும். ஐவர் அமரும் படகில் எண்மரை ஏற்றி, சட்டையெல்லாம் புகைப்படத்தில் அழகாக இராது என்று கழற்றி வைத்துவிட்டுப் போன ஒரு குடும்பத்தை நான் அறிவேன். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் படகு மறு மாதமே விற்பனைக்கு வந்துவிட்டது. 'இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு' என்று என்னைக் கேலி செய்தவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கு நான் ஒன்று சொல்வதுண்டு: மக்கென்சி வட்டாரத்தில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த பில் ஹாமில்டன் என்பவர் 1950-களில் இந்த ஆறுகளுக்கென்றே உருவாக்கிய படகு இது, 1977-இல் எட்மண்ட் ஹில்லரி மூன்று ஜெட் படகுகளில் வங்காள விரிகுடாவிலிருந்து நம் கங்கையிலேயே ஏறிப் போனார். விளையாட்டு யாருடையதாக இருந்தால் என்ன, ஒழுங்காக விளையாட வேண்டாமா?

இனிப் பராமரிப்பு. புது இன்ஜினை முதல் சில மணி நேரம் ஒரே வேகத்தில் விரட்டாதீர்கள். முதல் எண்ணெய் மாற்றத்தை என் கையேடு 20 மணி நேரத்தில் கேட்டது. எனக்கு விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, சின்னஞ்சிறு எழுத்தில் நானேதான் கண்டுபிடித்தேன். இம்பெல்லரின் ஓரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளிதான் உண்டு. மணலும் பொடிக்கல்லும் அதைத் தேய்த்துப் பெரிதாக்கும். இன்ஜின் அலறியும் படகு முன்பு போல எகிறவில்லை என்றால், இன்ஜினைச் சந்தேகப்படும் முன் அங்கே பாருங்கள். அல்லது கம்பிச் சட்டத்தில் பாசி சுற்றியிருக்கும். பெட்ரோலைப் பற்றிக் கேட்காதீர்கள். என் மனைவியும் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

ஒரு வேலையை மட்டும் சோம்பலில் தள்ளிப்போடாதீர்கள். 'டிடிமோ' என்னும் பாசி 2004-இல் தெற்குத் தீவின் வையாவு ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு துளி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஆறு விட்டு ஆறு பயணம் செய்யும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன், சிக்கிய செடிகொடிகளை அகற்றி, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரால் படகையும் டிரெய்லரையும் கழுவ வேண்டும். அல்லது முழுதும் காய்ந்த பின் மேலும் 48 மணி நேரம் விட வேண்டும். ஜெட் யூனிட்டின் உள்ளே தேங்கும் நீரையும் மறக்கக் கூடாது. நம்மவர்கள் அலுத்துக்கொள்ளும் வேலை இதுதான். நானும் முதல் வருடம் அலுத்துக்கொண்டவன்தான்.

ஜெட் படகு கிளப் ஒன்றில் சேர்ந்து, முதல் பத்து முறையாவது இன்னொரு படகோடு சேர்ந்து போங்கள். மண்வெட்டி, நீளமான கயிறு, துடுப்பு, மாற்று உடை ஆகியவை படகிலேயே இருக்கட்டும். வசந்தத்தில் கல்மேடுகளில் பறவைகள் முட்டையிட்டிருக்கும். வலப்பக்கம் வளைந்த அலகுள்ள ஒரு சிறு பறவை அங்குதான் அடைகாக்கும், மேட்டில் ஏறி நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, படகின் பின்புற அடியில் உள்ள வடிகால் தக்கையை ஒரு கயிற்றில் கோத்து இன்ஜின் சாவியோடு கட்டி வையுங்கள். நான் இதை வைமகாரிரிப் படகுத் துறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் கற்றேன். அவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் என்னைக் கண்டால் 'தக்கை இருக்கிறதா?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.