எம்.பி.க்கு எழுதினால் மசோதா மாறுமா?

"நாடாளுமன்றத்துக்கு வந்திருக்கும் ஒரு மசோதாவில் எங்கள் தொழிலைப் பாதிக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. எம்.பி.க்கு எழுதச் சொல்கிறார்கள். கட்சிக் கொறடா சொல்கிறபடிதானே அவர் ஓட்டுப் போடுவார்? எழுதி என்ன பயன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஓட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். ஆனால் ஓட்டு என்பது கடைசிக் கட்டம். மசோதாவின் வாசகம் அதற்கு முன்பே, நாடாளுமன்றக் குழு அறையில் அலசப்படுகிறது. அங்கே கொறடா உத்தரவு கிடையாது.

எனவே முதலில் உங்கள் மசோதா குழுவுக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். துறைசார் நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். சில மசோதாக்களுக்குத் தனியாகக் கூட்டுக்குழு போடுவார்கள். 2019-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா அப்படிப் போனதுதான். 2021 டிசம்பரில் குழு 81 திருத்தங்களைப் பரிந்துரைத்தது. 2022 ஆகஸ்டில் அரசு மசோதாவையே திரும்பப் பெற்று, 2023-ல் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவந்தது.

குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுக்கும். பெரும்பாலும் 15 நாள்தான் அவகாசம். மனுவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்பார்கள். தமிழில் மட்டும் எழுதுகிறவருக்கு இது அநீதி என்றே நினைக்கிறேன். இருந்தாலும் மொழிபெயர்த்தே அனுப்புங்கள்.

"இந்த மசோதா எங்களை அழித்துவிடும்" என்று எழுதினால் குழு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: "இந்தப் பிரிவில், இந்த உட்பிரிவில், 'அதிகாரி உரிமத்தை ரத்து செய்யலாம்' என்று இருக்கிறது. 'எழுத்துமூலம் விளக்கம் கேட்ட பிறகே ரத்து செய்யலாம்' என்று மாற்றக் கோருகிறோம்." அதற்குக் கீழே உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு காரணம், நான்கு வரிக்குள். அப்படியே எடுத்து அறிக்கையில் சேர்க்கிற மாதிரி வாசகம் இருக்க வேண்டும். நேரில் சாட்சியம் சொல்லத் தயார் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை: கொடுத்த மனு குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் நாடாளுமன்றச் சிறப்புரிமை மீறலாகலாம்.

குழு உங்கள் கோரிக்கையை ஏற்காமல் போகலாம். அப்போதும் உங்கள் கருத்தை ஏற்கும் ஒரு உறுப்பினர் எழுதும் மறுப்புக் குறிப்பு அறிக்கையோடு சேர்ந்து அச்சாகும். நாடாளுமன்றக் குழு அறிக்கைகளை நீதிமன்றம் துணையாகப் பார்க்கலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்ற அரசியல்சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. நாளைக்கு வழக்குப் போட்டால் அந்தக் குறிப்பு உங்கள் வழக்கறிஞருக்குத் தேவைப்படும்.

மசோதா குழுவுக்கே போகவில்லை என்றால்? அவையில் திருத்தம் கொண்டுவர, மசோதா விவாதத்துக்கு வரும் நாளுக்கு முந்தைய நாளே எம்.பி. நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கேள்வியும் கேட்கலாம். அதற்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு தேவை. பதிலில் அமைச்சர் உறுதிமொழி ஏதாவது கொடுத்தால், அது நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது.

அமைச்சரல்லாத ஒரு எம்.பி. தானே கொண்டுவரும் தனிநபர் மசோதா வழியில் சட்டமே கொண்டுவரும் நம்பிக்கை வேண்டாம். அப்படி ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970-ல். ஆனால் அதற்கும் ஒரு வலு உண்டு. தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே அரசு தன் மசோதாவோடு வர வேண்டியதாயிற்று. 2019-ல் அது சட்டமானது. அதில் திருநர் சமூகத்தினர் சுட்டிக்காட்டும் குறைகள் பல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, உங்கள் தொகுதி எம்.பி.யோடு நிற்காதீர்கள். அந்தக் குழுவில் இருப்பவர் எந்த ஊர்க்காரரானாலும் அவருக்கும் எழுதுங்கள். உறுப்பினர் பட்டியல் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கிறது. இன்றே பாருங்கள், விளம்பரம் வந்துவிட்டால் அந்த 15 நாள் ஓட ஆரம்பித்துவிடும்.