மாண்டு: சமையலறையும் சாரஸ் கொக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விசித்திரமான விலங்குகள், பழைய விலங்கு ஓவியங்கள், கேள்விப்படாத உணவுகள், பழைய மாளிகைகள் என்று நீங்கள் எழுதிவரும் குறிப்புகளை விடாமல் வாசிப்பவள் நான். சென்ற கோடை விடுமுறையில் இந்தூரில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போனபோது, நீங்கள் எழுதியிருந்ததை நினைவில் வைத்து, குடும்பத்தோடு மத்தியப் பிரதேசத்தின் பழைய கோட்டை நகரமான மாண்டுவுக்கும் போய்வந்தோம். உண்மையைச் சொல்கிறேன், ஏமாற்றமாக இருந்தது. கப்பல் மாளிகையை அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிட்டோம். குளங்களில் தண்ணீர் இல்லை. அறைகளில் ஒன்றுமே இல்லை. "வெறும் சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று பிள்ளைகள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

உங்களிடம் மூன்று கேள்விகள். இந்த நான்கு விஷயங்களையும் நீங்கள் ஒன்றாக முடிச்சுப் போடுவது உங்கள் தனிப்பட்ட ரசனை மட்டும்தானா, அல்லது அவற்றுக்குள் மெய்யாகவே தொடர்பு இருக்கிறதா? ஜஹாங்கீரை வியந்து எழுதுகிறீர்கள். ஆயிரக்கணக்கான உயிர்களை வேட்டையாடிக் கொன்ற ஒருவரை விலங்குப் பிரியர் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? கடைசியாக, நீங்கள் குறிப்பிட்ட அந்த மாண்டு சமையல் நூலில் நம் வீட்டில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

அன்புடன்,
செ.ம., திருச்சி

அன்புள்ள செ.ம.,

உங்கள் பிள்ளைகள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு மாளிகையில் இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எந்த விலங்குகளை வளர்த்தார்கள், எதைப் பார்த்து வியந்தார்கள் என்பது தெரியாவிட்டால் அது வெறும் சுவர்தான். மாண்டுவைப் பொறுத்தவரை இவை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அந்தப் பதிவுகளில் எதுவுமே மாண்டுவில் இல்லை என்பதுதான் சிக்கல். சமையல் நூல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. விலங்கு ஓவியங்கள் லண்டனிலும் கொல்கத்தாவிலும் சிதறிக் கிடக்கின்றன. ஜஹாங்கீரின் நாட்குறிப்பு நூல்வடிவில் யாருக்கும் கிடைக்கிறது. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் மாளிகைக்குள் ஆள் நடமாட்டம் தெரியும். எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், தொடர்பு இருக்கிறது என்பதே. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சமையலறை. மால்வா சுல்தான் கியாசுதீன் கில்ஜி 1469 முதல் 1500 வரை மாண்டுவிலிருந்து ஆண்டார். அவருடைய தந்தை மஹ்மூது கில்ஜி வாழ்நாளெல்லாம் போர்க்களத்தில் கழித்தவர். மகனோ அரியணை ஏறியதுமே ஆட்சிப் பொறுப்பைத் தன் மகன் நாசிருதீனிடம் விட்டுவிட்டு, இனி நிம்மதியாக வாழப்போவதாக அறிவித்துவிட்டார். அவருடைய அந்தப்புரத்தில் 15,000 பெண்கள் இருந்தார்கள் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. எண்ணிக்கையை நான் நம்பவில்லை. ஆனால் அந்த மனிதர் சாப்பாட்டை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்பதற்குக் கைப்பிரதியே சான்றாக இருக்கிறது. ‘நிமத்நாமா’ என்ற அந்தச் சமையல் நூல் அவர் காலத்தில் தொடங்கப்பட்டு நாசிருதீன் காலத்தில் முடிக்கப்பட்டது. பாரசீகத்தில் எழுதப்பட்ட அதில் 50 ஓவியங்கள் உள்ளன. ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் பெரிய மீசையோடு சுல்தான் இருக்கிறார். சுற்றிலும் பணிப்பெண்கள் கிளறுகிறார்கள், வடிக்கிறார்கள், தட்டில் ஏந்திவந்து நீட்டுகிறார்கள். தொடக்கத்தில் உள்ள படங்கள் பாரசீகத்துச் ஷிராஸ் பாணியை ஒட்டியவை. போகப்போக உடையும் முகமும் நம் நாட்டுச் சாயலுக்கு மாறிக்கொண்டே வருகின்றன. ஒரே நூலுக்குள் ஓர் ஓவிய மரபு இடம் மாறுவதைக் காணும் வாய்ப்பு அரிது.

அந்த நூல் எப்படி லண்டன் போனது என்பதில் நம் பக்கத்துக் கதையும் கொஞ்சம் இருக்கிறது. எப்படியோ அது திப்பு சுல்தானின் நூலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அந்த நூலகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

கியாசுதீனின் முடிவைப் பற்றி ஜஹாங்கீர் எழுதியிருப்பதை வாசித்த பிறகு அந்தச் சமையல் நூலை முன்போல ரசிக்க முடியாது. நாசிருதீன் தன் தந்தைக்கு இரண்டு முறை நஞ்சு கொடுத்தாராம். கிழவர் தன் கையில் கட்டியிருந்த நஞ்சுமுறிக் கல்லின் உதவியால் இரண்டு முறையும் பிழைத்துக்கொண்டார். மூன்றாவது முறை மகன் தன் கையாலேயே ஒரு கிண்ணம் சர்பத்தில் நஞ்சைக் கலந்து நீட்டியபோது, அவர் கல்லைக் கழற்றி வைத்துவிட்டு, எண்பது வயது வரை சுகமாக வாழ்ந்துவிட்டேன் என்று இறைவனுக்கு நன்றி சொல்லிக் குடித்தாராம். எத்தனையோ சர்பத் செய்முறைகளைத் தொகுக்கச் செய்தவர்! இது நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு நூற்றுப் பதினேழு ஆண்டுகள் கழித்து மாண்டுவுக்கு வந்த ஜஹாங்கீர், நாசிருதீனின் கல்லறையை உதைத்து, எலும்புகளைத் தோண்டி எரிக்கச் சொன்னார். பிறகு, நெருப்பு இறைவனின் ஒளி அல்லவா, அதை ஏன் மாசுபடுத்த வேண்டும் என்று தோன்றவே, நர்மதையில் வீசச் செய்தார். சொந்தத் தந்தை அக்பருக்கு எதிராகக் கலகம் செய்தவர் இவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜஹாங்கீர் மாண்டுவில் தங்கியது 1617ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து அக்டோபர் வரை. பாழடைந்து கிடந்த மாளிகைகளைச் செப்பனிடவும் புதியன கட்டவும் 3 லட்சம் ரூபாய் செலவானதாக அவரே எழுதுகிறார். மழைக்காலத்து மாண்டுவுக்கு இணையாக அழகும் இதமும் உள்ள இடத்தைத் தான் அறிந்ததில்லை என்றும் சொல்கிறார். குளங்களுக்கு நடுவே இருந்த ஒரு மாளிகையில் நூர்ஜஹான் ஓர் இரவு விருந்து கொடுத்தார். கரையெங்கும் கட்டடமெங்கும் விளக்கேற்றினார்கள். நீர்ப்பரப்பு முழுவதும் நெருப்பு வெளியாகத் தெரிந்தது என்று ஜஹாங்கீர் குறித்திருக்கிறார். அந்த மாளிகை நீங்கள் பார்த்த கப்பல் மாளிகைதான் என்று பலரும் கருதுகிறார்கள். முஞ்ஜ், கபூர் என்ற இரண்டு குளங்களுக்கு நடுவே சுமார் 120 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அந்தக் கட்டடத்தைத் தண்ணீர் இல்லாத கோடையில் பார்ப்பது, கச்சேரி முடிந்த பிறகு சபாவுக்குள் நுழைவதற்குச் சமம். மேல்தளத்தில் சுருள் சுருளாக வளைந்து ஓடும் சிறிய வாய்க்காலைப் பார்த்தீர்களா? தொட்டிக்குப் போகும் தண்ணீர் விழுந்தடித்து ஓடாமல் நின்று நிதானித்துத் தெளிந்து போவதற்காக அமைத்தது அது.

அதே ஆண்டில் அதே ஊரில் தங்கியிருந்த ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவுக்கு மாண்டு இவ்வளவு இன்பமாக இல்லை. தண்ணீருக்கு அல்லாடினார். இரவில் சிங்கம் முற்றத்துக்கே வந்து ஆடுகளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. சிங்க வேட்டை பேரரசருக்கு மட்டுமே உரியது என்பதால், தன் வீட்டு முற்றத்தில் வந்த சிங்கத்தை விரட்டிக் கொல்லவும் அவர் அரசரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஜஹாங்கீரை விலங்குப் பிரியர் என்று நான் அழைக்க மாட்டேன். தன் பன்னிரண்டாம் வயதிலிருந்து ஐம்பதாம் வயது வரை தன் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவற்றை அவரே கணக்கெடுக்கச் சொன்னார். மொத்தம் 28,532 உயிர்கள். அவற்றில் 17,167 அவர் கையால் வீழ்ந்தவை. இந்தக் கணக்கை நீதிமன்றத்தில் வைப்பதென்றால் குற்றப்பத்திரிகையைக் குற்றம் சாட்டப்பட்டவர் தானே எழுதிக் கொடுத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். இதே மனிதர், மன்ஸ்ராஜ் என்ற தன் வளர்ப்பு மான் இறந்தபோது லாகூருக்கு அருகே இன்றைய ஷேக்குபுராவில் அதற்குக் கல்லறை எழுப்பி, மான் வடிவிலேயே நடுகல் வைத்து, அந்தச் சமவெளியில் யாரும் மான் வேட்டையாடக் கூடாது, அந்த மான்களின் இறைச்சி இந்துக்களுக்குப் பசுவைப் போலவும் முஸ்லிம்களுக்குப் பன்றியைப் போலவும் விலக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று 1607இல் ஆணையிட்டார். அங்கே எழுந்த ஹிரன் மினார் இன்றும் நிற்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நேர்செய்ய நான் முயலவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

நான் வியப்பது அவருடைய அன்பை அல்ல, அவருடைய கவனத்தை. குஜராத்தில் இருந்த 1618ஆம் ஆண்டில், லைலா, மஜ்னு என்று பெயரிட்டு வளர்த்த ஒரு ஜோடி சாரஸ் கொக்குகள் முட்டையிட்டன. இரவு முழுவதும் பெட்டை அடைகாக்கிறது. சேவல் பக்கத்தில் நின்று காவல் காக்கிறது. ஒருமுறை பெரிய கீரி ஒன்று எட்டிப் பார்த்தபோது சேவல் பாய்ந்து ஓடி, அது வளைக்குள் புகும்வரை விடவில்லை. பொழுது விடிந்ததும் சேவல் வந்து அலகால் பெட்டையின் முதுகைக் கொத்துகிறது; பெட்டை எழுந்துகொள்ள, சேவல் உட்காருகிறது. பிறகு பெட்டை திரும்பி வந்து அதே முறையில் சேவலை எழுப்பிவிட்டுத் தான் உட்காருகிறது. இப்படியெல்லாம் எழுதி வைத்திருப்பவர் பறவையியல் என்ற துறையே இல்லாத காலத்து அரசர் ஒருவர்.

ஓவியமும் இந்தக் கவனத்தின் நீட்சிதான். 1612இல் கோவாவிலிருந்து அவருடைய அதிகாரி முகர்ரப் கான் கொண்டுவந்த அபூர்வப் பிராணிகளில் ஒரு வான்கோழியும் இருந்தது. பாபர் விலங்குகளைப் பற்றி எழுதினாரே தவிர வரையச் சொல்லவில்லை, கேட்பவருக்கு வரும் வியப்பு பார்த்தால் இன்னும் கூடும் என்று சொல்லி, ஜஹாங்கீர் அவற்றை வரையச் செய்தார். வான்கோழியின் தலையும் கழுத்தும் நொடிக்கு நொடி நிறம் மாறுவதையும், ஒரு சமயம் பவளமாகச் சிவந்து பிறகு பஞ்சாக வெளுப்பதையும், உச்சியிலிருந்து சதை ஒரு சாண் நீளத்துக்கு யானைத் துதிக்கையாகத் தொங்குவதையும் வரிவரியாக எழுதுகிறார். அவருடைய அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்த வான்கோழியை இன்றும் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1621இல் வந்த வரிக்குதிரையின் படமும் அங்கேதான் உள்ளது. யாரோ சாயம் பூசிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று சிலர் சந்தேகப்பட, தீர விசாரித்து, பிறவியிலேயே அப்படித்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஜஹாங்கீர் அதைப் பாரசீகத்து ஷா அப்பாசுக்குப் பரிசாக அனுப்பினார். லண்டன் தொலைவு என்றால், மன்சூரின் சைபீரியக் கொக்கு கொல்கத்தாவில் இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 2002க்குப் பிறகு ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்துக்கு வராமல் போய்விட்ட பறவை அது.

சாப்பாட்டிலும் இதே ஆள்தான். பறவையும் மீனும் சமைக்கப்படும் முன்பு அவற்றின் இரைப்பையைத் தன் கண்ணெதிரே அறுக்கச் சொல்லி, அது என்ன தின்றிருக்கிறது என்று பார்ப்பது அவருடைய வழக்கம். ஒரு நீர்ப்பறவையின் இரைப்பையிலிருந்து முதலில் ஒரு சிறு மீனும் பிறகு ஒரு பெரிய பூச்சியும் வெளிவந்ததைப் பார்த்ததோடு நீர்ப்பறவைகளைச் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். கோவா வழியாக வந்த அன்னாசியை ஆக்ராவின் குல்-அஃப்ஷான் தோட்டத்தில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் விளைவித்தார். குஜராத்து மக்களின் கம்புக் கிச்சடியைக் கேள்விப்பட்டுச் செய்யச் சொல்லிச் சாப்பிட்டுப் பார்த்து, பிடித்துப்போய், புலால் உண்ணாத நாள்களில் அதையே அடிக்கடி கொண்டுவரச் சொன்னார். பேரரசர் கம்பஞ்சோற்றுக்கு மயங்கினார் என்று அறிந்தபோது, கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த முறை ஆகஸ்டில் மாண்டுவுக்குப் போங்கள். குளங்கள் நிறைந்திருக்கும். பிள்ளைகளிடம் கொறிக்க எதையாவது கொடுக்க வேண்டுமென்றால் சாலையோரத்தில் விற்கும் ‘மாண்டு கி இம்லி’யை வாங்கிக் கொடுங்கள். ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட பெருத்த அடிமரத்து ஆனைப்புளியின் காய் அது. மன்னாரில் பெருக்கமரம் என்று சொல்கிறார்களே, அதே மரம். கடினமான ஓட்டை உடைத்தால் விதைகளைச் சுற்றி மாவாக உலர்ந்த வெள்ளைச் சதை இருக்கும். நாக்கில் வைத்ததும் உறிஞ்சிக்கொண்டு மெல்லக் கரைந்து புளிக்கும்.

சமையல் நூலிலிருந்து வீட்டில் செய்வதற்குச் சமோசாவைப் பரிந்துரைக்கிறேன். வேகவைத்த கொத்துக்கறி, அதே அளவு பொடியாக நறுக்கிய வெங்காயம், அதில் நான்கில் ஒரு பங்கு சுக்கு, கொஞ்சம் அரைத்த பூண்டு, பன்னீரில் அரைத்த குங்குமப்பூ, இவற்றோடு கத்திரிக்காயை மசித்துச் சேர்த்துப் பிசைந்து, மாவுக்குள் வைத்து நெய்யில் பொரிக்க வேண்டும். உருளைக்கிழங்கும் மிளகாயும் அப்போது இங்கே வந்து சேரவில்லை. ஆகவே நீங்களும் சேர்க்காதீர்கள். வேறொரு சமோசாவுக்கு நூல் மான் இறைச்சியைக் கேட்கிறது. அதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைத் தண்டனை உண்டு என்பதால் இரண்டுக்கும் ஆட்டுக்கறியே போதும். குங்குமப்பூவை மட்டும் நூல் சொல்லும் அளவில் போட்டால் கட்டுப்படியாகாது. நான்கைந்து இழைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.