சாரின் மறைந்த பிறகும் மண்ணில் எஞ்சுவது என்ன?

கேள்வி: இரசாயன ஆயுதம் வீசப்பட்டதாகச் சொல்லப்படும் இடத்தில் நெடுநாள் கழித்து எடுக்கும் மண்ணை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஆராய்ந்து, அது சாரின் என்ற நரம்பு நஞ்சுதான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? கருவி தவறாகக் காட்டிவிடாதா?

பதில்: சாரினையே தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அது விரைவில் ஆவியாகும். எஞ்சியதும் ஈரத்தோடு வினைபுரிந்து சிதையும். எனவே ஆய்வாளர்கள் அதன் சிதைவுப் பொருள்களைத் தேடுகிறார்கள். சாரின் முதலில் ஐசோபுரொப்பைல் மெத்தில்பாஸ்போனிக் அமிலமாகவும், பிறகு மிக மெதுவாக மெத்தில்பாஸ்போனிக் அமிலமாகவும் மாறுகிறது. முந்தையது சாரினை நேராகச் சுட்டும்; பிந்தையது சோமன், வி.எக்ஸ். போன்ற பிற நரம்பு நஞ்சுகளிலிருந்தும் வரக்கூடியது என்பதால், அதை மட்டும் வைத்துச் சாரின் என்று சொல்லிவிட முடியாது. இவற்றிலுள்ள கார்பன்–பாஸ்பரஸ் பிணைப்பை நீர் எளிதில் அறுப்பதில்லை; அதனால் இவை ஆண்டுகள் கழிந்தும் மண்ணில் எஞ்சக்கூடும். 1988 ஆகஸ்டில் தாக்கப்பட்ட ஈராக்கியக் குர்திஸ்தானின் பிர்ஜின்னி கிராமத்தில், குண்டு விழுந்த பள்ளங்களிலிருந்து 1992இல் எடுத்த மண்ணில் பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வகம் இவ்விரு அமிலங்களையும் கண்டறிந்தது. கொல்லப்பட்டவர்களின் சார்பில் மண் அளித்த சாட்சியம் என்றே இதை நான் கருதுகிறேன்.

கருவி தவறாகக் காட்டாதா என்ற உங்கள் ஐயம் மிக நியாயமானது. மூலக்கூறுகளை அயனிகளாக்கி, நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதப்படி பிரித்துக் காட்டுவதே இக்கருவியின் வேலை. சாரினின் மூலக்கூறு நிறை 140 என்றாலும், எலக்ட்ரான்கள் மோதும்போது அது உடைந்துவிடுவதால் அந்த எண் அநேகமாகத் தென்படாது. 99, 125 ஆகிய எண்களில் வரும் துண்டுகளே ஓங்கித் தெரியும். ஆனால் 99 என்ற துண்டு, சாரினை ஒத்த நஞ்சான சைக்ளோசாரினிலும் வரும். ஆகவே துண்டுகளின் முழு வரிசையையும், கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் குரோமட்டோகிராபிக் குழாயிலிருந்து அப்பொருள் வெளிவரும் நேரத்தையும், நம்பகமான மாதிரிப் பொருளோடு ஒப்பிட்ட பிறகே பெயர் சொல்கிறார்கள். அமிலங்கள் எளிதில் ஆவியாகாதவை என்பதால், அவற்றை வேதிமுறையில் ஆவியாகும் பொருள்களாக மாற்றி வாயு குரோமட்டோகிராபி முறையிலோ, மாற்றாமல் அப்படியே திரவ குரோமட்டோகிராபி முறையிலோ ஆராய வேண்டும். தி ஹேக் நகரிலுள்ள இரசாயன ஆயுதத் தடை அமைப்பு, வெவ்வேறான இரண்டு நுட்பங்களேனும் ஒரே முடிவைத் தர வேண்டும் என எதிர்பார்க்கிறது; மாதிரிகளையும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது.

கருவியைவிட மாதிரியின் பயணமே எனக்குக் கவலை தருவது. யார், எங்கே, எப்போது எடுத்தார், முத்திரை உடையாமல் யார் யார் கை மாறியது என்ற பதிவு அறுந்துவிட்டால், கருவி காட்டும் துண்டு வரிசையான நிறமாலை எத்தனை தெளிவாக இருந்தாலும், அது அந்த மண்ணில் அப்பொருள் இருந்ததை மட்டுமே காட்டுமே தவிர, அது எந்த இடத்து மண் என்பதைக் காட்டாது.