வாசகர் கேள்வி–பதில்: பார்வை குறைந்தவர் டிரையத்லானில் இறங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. விழித்திரைக் கோளாற்றால் அவன் பார்வை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. ஓட்டத்தில் நல்ல ஆர்வம் உள்ளவன், இப்போது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானிலும் இறங்க வேண்டும் என்கிறான். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நீச்சலும் சைக்கிளும் எப்படி என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். நான் அவனுக்கு என்ன சொல்லட்டும்?
– ஒரு தாயார், தெம்பனிஸ்

பதில்: தாராளமாக இறங்கலாம் என்று சொல்லுங்கள். உறவினர்களுக்குச் சூசானா ரொட்ரிகெஸின் கதையைச் சொல்லுங்கள். ஸ்பெயினின் வீகோ நகரில் 1988இல் பிறந்த அவருக்கு, பிறவியிலேயே நிறமிக் குறைபாட்டால் பார்வை மிகவும் குறைவு. முதலில் குறுந்தூர ஓட்டக்காரராக இருந்தவர், 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கிற்குத் தெரிவாகாத ஏமாற்றத்துக்குப் பிறகு, 2010 வாக்கில் டிரையத்லானுக்கு மாறினார். பாராலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முறையாக இடம்பெற்ற 2016 ரியோ போட்டியில் அவருக்கு ஐந்தாம் இடமே கிடைத்தது. ஐந்தாண்டுகள் கழித்துத் தோக்கியோவில் சாரா லோயரை வழிகாட்டியாகக் கொண்டு தங்கம் வென்றார். அடுத்த சில நாள்களிலேயே 1,500 மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் ஓடி ஐந்தாவதாக வந்தார். 2024இல் பாரிஸில், செய்ன் ஆற்று நீரின் தரம் சரியில்லாமல் ஒத்திவைக்கப்பட்டுச் செப்டம்பர் 2ஆம் தேதி நடந்த போட்டியில், சாரா பெரெஸுடன் சேர்ந்து மீண்டும் தங்கம் வென்றார். இத்தனைக்கும் நடுவில் இயன்முறை மருத்துவமும் பின்னர் மருத்துவமும் படித்து முடித்து, மருத்துவராகப் பணியும் புரிகிறார்.

நீச்சலும் சைக்கிளும் எப்படி என்ற கேள்விக்கு வருவோம். பாராலிம்பிக் டிரையத்லானில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். பார்வைக் குறைபாடுள்ளவர் மூன்றையும் ஒரே வழிகாட்டியுடன் செய்து முடிக்க வேண்டும். நீரில் இடுப்பிலோ தொடையிலோ கட்டிய கயிறு இருவரையும் இணைத்திருக்கும். சைக்கிள் இருவர் மிதிக்கும் டேண்டம் வகையைச் சேர்ந்தது. வழிகாட்டி முன்னால் அமர்ந்து திசைதிருப்புவார், பின்னால் இருப்பவரும் முழுப் பலத்தோடு மிதிப்பார். பிறகு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டம். நீரிலிருந்து ஏறி, நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் நிற்கும் மாற்றிடத்தில் தம் இடத்தை அடைந்து, தலைக்கவசம் மாட்டிச் சைக்கிளைக் கிளப்பும் அந்தச் சில நொடிகளில்தான் ஒரு ஜோடியின் உண்மையான பயிற்சி தெரியும். இருவரில் ஒருவர் அரை அடி தவறி வைத்தாலும் இருவருமே தடுமாறுவார்கள்.

எனவே உங்கள் மகனுக்குப் பெரிய தடை அவன் கண் என்று நான் நினைக்கவில்லை. இணை கிடைப்பதுதான் பெரிய தடை. அனைத்துலக டிரையத்லானில் வழிகாட்டி அதே நாட்டவராகவும் அதே பாலினத்தவராகவும் இருக்க வேண்டும். தடகளத்தில் பாலினக் கட்டுப்பாடு இல்லாததால், சூசானா தோக்கியோவில் 1,500 மீட்டர் ஓட்டத்தை ஓர் ஆண் வழிகாட்டியுடன் ஓடினார். நெட்டோட்டத்தில் வழிகாட்டியைக் குறிப்பிட்ட இடங்களில் மாற்றிக்கொள்ளவும் முடியும். டிரையத்லானில் அதற்கும் இடமில்லை. மூன்று துறைகளிலும் தன் வீரரைவிடத் தேர்ந்தவராக இருந்து, தன் சொந்தப் போட்டி வாழ்க்கையை ஒதுக்கி வைக்கக்கூடிய ஒருவரைச் சிங்கப்பூர் போன்ற சிறிய நாட்டில் தேடிப் பிடிப்பது எளிதன்று. ஆனாலும் தேடியவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. பார்வைக் குறைபாடுள்ள நம் நாட்டுச் சைக்கிளோட்ட வீரர் ஸ்டீவ் டீ, தோக்கியோ பாராலிம்பிக்கில் ஆங் கீ மெங்கை முன்னிருக்கையில் கொண்டு பந்தயத்தில் கலந்துகொண்டார்.

முதலில் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். சில விழித்திரைக் கோளாறுகளில் அதிர்வும் அடியும் கேடு விளைவிக்கும் என்பதால், அவர் ஒப்புதல் பெறாமல் டேண்டம் பக்கம் போக வேண்டாம். பிறகு 1973இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் உடற்குறையுள்ளோர் விளையாட்டு மன்றத்தை அணுகுங்கள். கடலுக்கு இப்போதே அவசரப்பட வேண்டியதில்லை. குளத்தில் தடக் கயிற்றை ஒட்டி நேராக நீந்தப் பழகட்டும். பார்வை இன்னும் ஓரளவு இருக்கும்போதே வழிகாட்டியுடன் ஓடவும் அவனைப் பழக்குங்கள். பிற்பாடு பார்வை மேலும் குறையும் நாளில், பழக்கம் கை கொடுக்கும்.

கேள்வி: பாரிஸ் பாராலிம்பிக் நெட்டோட்டத்தில், தடுமாறிய வழிகாட்டியைத் தாங்குவதற்காகக் கயிற்றை விட்ட ஸ்பானிய வீராங்கனையின் வெண்கலம் பறிபோனது. இதில் நியாயம் உண்டா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: நீங்கள் குறிப்பிடுபவர் எலெனா கொங்கோஸ்ட். 2016இல் ரியோவில் இதே நெட்டோட்டத்தில் தங்கம் வென்றவர். பாரிஸில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தபோது, எல்லைக்கோட்டுக்கு ஓரிரு மீட்டர் முன்னால் தசைப்பிடிப்பால் சரியவிருந்த வழிகாட்டியைப் பிடிக்கக் கை நீட்டியதில் கயிறு ஒரு கணம் கையை விட்டது. அவர் தகுதி நீக்கம் செய்யப்பட, வெண்கலம் ஜப்பானின் மிசாத்தோ மிச்சிஷித்தாவுக்குச் சென்றது.

கயிற்றை விடக் கூடாது என்ற விதியின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். வழிகாட்டி இழுக்கவோ தள்ளவோ கூடாது, எல்லைக்கோட்டை வீரருக்கு முன்னால் தாண்டவும் கூடாது. இவையெல்லாம் ஓட்டம் வீரருடையதாகவே இருக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டவை. கயிறு அதற்குச் சாட்சி. ஆனால் அடுத்து வந்தவர் மூன்று நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்த நிலையில், கயிற்றை விட்டதால் கொங்கோஸ்டுக்கு எந்த ஆதாயமும் கிடைக்கவில்லை. விழவிருந்த மனிதரைத் தாங்கியதற்கு நேர அபராதம் போன்ற தண்டனைக்கு விதியில் இடம் இருந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: எனக்கு வயது 56. அன்றாடம் மெதுவோட்டம் ஓடுபவன். நான் வழிகாட்டி ஆகலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: அவசியம் ஆகுங்கள், ஐயா. பதக்கத்துக்கு ஓடுபவர்களைவிட, உடல்நலத்துக்கும் மனநிறைவுக்கும் ஓட விரும்பும் பார்வைக் குறைபாடுள்ளவர்களே அதிகம். இங்கு 2009இல் தொடங்கிய ரன்னிங் ஹவர் கூட்டுறவு அமைப்பு, சிறப்புத் தேவையுள்ளோரையும் தொண்டூழியர்களையும் இணைத்து ஓடச் செய்கிறது. பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு உங்களுக்கு மூச்சு இருந்தால் போதும்.

ஓடத் தொடங்குமுன் அவரிடமே கேளுங்கள்: எந்தப் பக்கம் நீங்கள் இருக்க வேண்டும், கயிறா முழங்கையா, எவ்வளவு பேச்சு பிடிக்கும். கயிறு பிடித்த கைகள் இரண்டும் ஒன்றாக முன்னும் பின்னும் வீசினால் கயிறு இழுபடாது. 'பார்த்து, பார்த்து' என்று பதறுவதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. 'பத்தடியில் மேடு', 'இடப்பக்கம் மெல்லத் திரும்புகிறோம்', 'எதிரே சைக்கிள், ஒற்றை வரிசை' என்று எது, எங்கே, எப்போது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். பூங்கா இணைப்புப் பாதைகளில் மழைக்குப் பின் வழுக்கும் வடிகால் மூடிகளைச் சொல்ல மறக்காதீர்கள். தாழ்ந்து தொங்கும் கிளைகளையும் கவனியுங்கள். அவர் உங்களைவிட உயரமானவராக இருந்தால் உங்கள் கண்ணுக்குத் தப்புவது அதுதான். தண்ணீர் குடிக்க நிற்கும்போது அவரை வெட்டவெளியில் விட்டுவிட்டு நகர வேண்டாம். கைப்பிடிக் கம்பியையோ இருக்கையையோ தொடச் செய்து, எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.