கோவளத்தில் சர்ஃபிங் படம்: லென்ஸை மாற்றும் முன் நிற்கும் இடத்தை மாற்றுங்கள்

கேள்வி: நிக்கான் கிராப் சென்சார் (படம் பதியும் சில்லு சிறியதாக உள்ள) கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறேன். விடியற்காலையில் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் போய் சர்ஃபிங் (அலைச்சறுக்கு) படம் எடுத்துப் பழகுகிறேன். ஆள் கறுப்பாகத் தெரிகிறார், முதுகுதான் அதிகம் விழுகிறது, பாதிப் படங்கள் ஷேக் ஆகி மங்கலாகின்றன. 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கேமராவில் 300 மி.மீ. என்பது 450 மி.மீ. அளவுக்குக் கிட்டே காட்டும். கரையோரம் உடையும் அலைக்கு அது தாராளம். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் இரண்டு, நிற்கும் இடத்தால் வருபவை.

நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. அலைக்கு நேர் எதிரே நின்றால் காலையில் வெளிச்சம் கேமராவின் முகத்தில் அடிக்கும், ஆள் கறுத்துத்தான் போவார். சாயங்காலம் வெளிச்சம் நம் முதுகுப்பக்கம் வந்துவிடும். ஆனால் மதியத்துக்குள் கடல்காற்று எழும்பி அலையைக் கலைத்துவிடும். அலை வழவழவென்று நிற்பது காலையில்தான். ஆகவே காலையை விடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

கோவளத்து அலை வலப்பக்கமாக உடைவது. அந்த வலம் சறுக்குபவருடைய வலம். கரையில் நிற்கும் நமக்கு அவர் இடப்பக்கம், அதாவது வடக்கு நோக்கி ஓடுவார். இடது காலை முன்வைப்பவர் அலையைப் பார்த்தபடி போவதால் நேர் எதிரே நிற்பவருக்கு முதுகுதான் கிடைக்கும். அவர் சறுக்கி முடிக்கும் இடத்தையும் தாண்டி வடக்கே போய், தென்கிழக்காகத் திரும்பி நில்லுங்கள். ஆள் உங்களை நோக்கி வருவார், முகம் தெரியும். ஜூன், ஜூலையில் சூரியன் வடகிழக்கில் எழுவதால் வெளிச்சமும் பக்கவாட்டில் விழுந்து, சிதறும் நீர்த்துளிகள் ஒவ்வொன்றும் பளிச்சிடும். இந்த ஒரு மாற்றம் எந்த லென்ஸும் தராததைத் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஷேக் பிரச்சினைக்கு ஷட்டர் ஸ்பீடு 1/1000 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. 1/1600 இருந்தால் நிம்மதி. அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப்/6.3 அல்லது எஃப்/8, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) ஆட்டோ, ஃபோகஸ் ஏ.எஃப்.-சி (நகரும் ஆளை விடாமல் தொடரும் முறை). நுரை வெளுத்துப் போகிறதா என்று அடிக்கடி பாருங்கள். போனால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) கொஞ்சம் குறையுங்கள். வெளுத்த நுரையை எந்த எடிட்டிங்கும் மீட்காது.

புதியவர்கள் ஆள் பலகையில் எழுந்து நின்றதுமே பர்ஸ்டைத் (படபடவென்று தொடர்ந்து எடுக்கும் முறையை) தட்டி, நல்ல கட்டம் வரும்போது பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிறைந்து நிற்பார்கள். பொறுங்கள். அவர் அலையின் அடிவாரத்துக்கு இறங்கி, முழங்காலை மடக்கி, கண்ணை அலையின் உச்சிக்குத் திருப்புவார். அதுதான் உங்கள் சைகை. அங்கிருந்து மேலேறி நீரை வாரி இறைக்கும்வரை விடாமல் எடுங்கள். அதற்கு முன்னால், கேமராவைத் தொடாமல் அரை மணி நேரம் அலையை மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பெரிய அலைகள் கூட்டமாக வரும். எங்கே உடைகிறது, யார் எந்த இடத்தில் காத்திருக்கிறார் என்பது அதற்குள் பிடிபட்டுவிடும்.

கடற்கரையில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள். உப்புச்சாரல் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் முதலில் ஒற்றியெடுத்து, பிறகு துடையுங்கள். வீடு திரும்பியதும் கேமராவின் உடலையும் அப்படியே துடைத்துவிட்டுப் பைக்குள் வையுங்கள்.